பாஸ்டன் துறைமுகத்தில் ஒரு பிளாஸ்க் தேநீர்

2009 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு, மான்ட்ரியலின் செயின்ட்-மிஷேலிலிருந்து பாஸ்டனுக்குக் காரில் கிளம்பினோம். நான் கோத்தகிரிக்காரன், மென்பொருள் வேலை. உடன் வந்தவர் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், யாழ்ப்பாணத்து அண்ணை. ஈழப்போர் முடிந்த அந்த மே மாதத்திலிருந்து இலங்கைப் பொருள் எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தார். வேறு நாட்டுத் தேயிலை நாக்குக்குப் பிடிக்காமல், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெந்நீர் குடித்து வந்தார். பனங்கட்டி மட்டும் எங்கிருந்து வருகிறதாம் என்று நான் கேட்கவில்லை. வாடகைக்கு இருப்பவனுக்கு எதற்கு வம்பு?

1773-இல் ஆங்கில ஆட்சியை எதிர்த்து அமெரிக்கர்கள் பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்றவர் அவர்தான். "அவையள் தேத்தண்ணிய விட்டது பலிச்சதோ எண்டு பாப்பம்."

தூரம் ஐந்நூறு கிலோமீட்டர். எல்லையில் நாற்பது நிமிடம் போனது. ஜூனிலிருந்து கனேடியர்களுக்கும் பாஸ்போர்ட் கட்டாயம். என்னைப் போல இந்தியப் பாஸ்போர்ட் என்றால் விசாவும் வேண்டும். பாஸ்டன் சேரும்போது மணி பன்னிரண்டு.

முதலில், தேயிலையை என்ன செய்வது என்று அன்று ஊரார் கூடிப் பேசிய செங்கல் கட்டிடம். நுழைவு ஐந்து டாலர். வரியோடு சேர்த்தும் அந்தச் சீனத் தேயிலை மலிவுதான் என்றார் வழிகாட்டிப் பெண். பிறகு ஏன் கொட்டினார்கள்? தங்களைக் கேட்காமல் லண்டனில் போட்ட வரி அது. வாங்கினால் அதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று 342 பெட்டிகளைக் கொட்டியிருக்கிறார்கள். அண்ணை என்னைப் பெருமையோடு பார்த்தார்.

துறைமுகம் அங்கிருந்து பத்து நிமிட நடை. கப்பலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். தேயிலைக் கப்பலின் மாதிரியை வைத்திருந்த காட்சியகம் மூடிக் கிடக்கிறது. இடத்தைக் குறிக்க ஒரு கட்டிடச் சுவரில் பலகை மட்டும் இருக்கிறது. பழைய கரையை மண் போட்டு நிரப்பிவிட்டதால் கடல்கூடத் தள்ளிப் போய்விட்டது.

தண்ணீர் ஓரமாக உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தேன். வண்டி ஓட்டும்போது தூக்கம் வராமலிருக்க எனக்காகப் போட்ட தேநீர். வாசனைக்கு அண்ணை திரும்பினார்.

"என்ன தேயிலை?"

"சிலோன்தான் அண்ணே. அட்டன் பக்கம் எங்க சித்தி கொழுந்து எடுக்கறாங்க. தோட்டத்துல குடுத்த தூளை அனுப்பியிருந்தாங்க."

எங்கள் அம்மாவைச் சின்ன வயதில், குடியுரிமை இல்லையென்று மற்றத் தோட்டக் குடும்பங்களோடு இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். சித்தி மட்டும் உறவினரோடு அங்கேயே தங்கிவிட்டார். மூன்று வருடமாக இதை அண்ணையிடம் மறைத்திருந்தேன். தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்தால், யாழ்ப்பாணத்தார் சிலரைப் போல அவரும் என்னைக் கீழாகப் பார்ப்பாரோ என்ற பயம்தான்.

அவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபம் என்று நினைத்து, பிளாஸ்கைத் தண்ணீருக்கு மேல் சாய்த்தேன். பாஸ்டனுக்கு வந்து வேறென்ன செய்வது! அவர் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"ஊத்தாதையும். உம்மட சித்தி பறிச்சதெல்லோ." பிளாஸ்கை வாங்கி மூடிக்கொண்டே, "அந்தச் சீனத் தேயிலை பறிச்ச சனத்தைப் பற்றி அந்த வழிகாட்டிப் பிள்ளை ஒண்டும் சொல்லேல்ல, என்ன?" என்றார்.

நானும் கேட்கத் தோன்றாமல் வந்திருந்தேன். நீங்கள் போனால் கேளுங்கள். காரை ஊருக்கு வெளியே ரயில் நிலையத்தில் விட்டுவிட்டுப் போனால் பார்க்கிங் செலவு பாதியாகும்.

திரும்பும் வழியெல்லாம் பிளாஸ்க் அண்ணையின் மடியில்தான் இருந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும் என்னிடம் நீட்டினார்.

"சூடாக்கிக் குடியும். எனக்கு இன்னும் குடிக்க ஏலாது." உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். "சித்தியின்ர பேர் என்ன?"