நீங்க எங்கங்க சாப்புடுவீங்க?

புது ஊரில் இறங்கியதும், சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும் என்று ஜெயராணி டீச்சர் யாரிடமும் கேட்பதில்லை. ஆட்டோக்காரரையோ சுமை தூக்குகிறவரையோ நிறுத்தி, "நீங்க எங்கங்க சாப்புடுவீங்க?" என்றுதான் கேட்பார். பாஷை தெரியாத ஊராக இருந்தால் அந்த ஆளை நோக்கி விரல் நீட்டி, ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய், புருவத்தை உயர்த்துவார். அந்த ஆள் கை காட்டும் சந்துக்குள் விறுவிறுவென்று நுழைந்துவிடுவார்.

அன்னவாசல் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. பிறந்தது ஆவூர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்லூரியில் குண்டு எறிந்த தோள் இன்னும் இறங்கவில்லை. மூத்தோர் தடகளப் போட்டிக்காக ஒருமுறை கொழும்புக்கும் ஒருமுறை கோலாலம்பூருக்கும் போய் வந்திருக்கிறார். கோலாலம்பூரில் வெண்கலம் வாங்கினார். அதைப் பற்றி யாராவது கேட்டால், போட்டியன்று காலையில் தெருவோரம் வாங்கிய வாழையிலைப் பொட்டலத்தைப் பற்றித்தான் சொல்லுவார். "தேங்காப் பால் சோறுங்க. ஓரமா நெத்திலி, ஒரு துண்டு வெள்ளரிக்கா, செவப்பா ஒரு தொக்கு. அதத் தின்னுட்டு எறிஞ்சதுதான் அந்தக் குண்டு."

அவர் கணவர் டேவிட் மின்வாரியத்தில் இருக்கிறார். "அங்க அம்புட்டு ஒசர ரெட்டைக் கோபுரம் இருக்கு, அண்ணாந்துகூட பாக்கல இவ," என்பார். டீச்சர் மறுப்பதில்லை. கோபுரத்தை டிவியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவருடைய கட்சி.

பள்ளியின் கோகோ அணியை வெளியூருக்குக் கூட்டிப்போகும்போது மட்டும் இந்த நாக்குக்கு எதிர்ப்பு வரும். பிள்ளைகள் வீட்டிலிருந்து புளிச்சோறு, இட்லிப் பொடி, முறுக்கு என்று மூட்டையாகக் கட்டி வருவார்கள். வெளிச்சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைச் சுளிப்பார்கள். "புளிச்சோறு ஊருலயும் கெடைக்கும்டி. இங்கிட்டு வந்தும் அதையேவா திம்பீங்க?" என்று டீச்சர் கேட்டால், அணித்தலைவி மோகனப்ரியா, "எங்களுக்கு இதான் டீச்சர் எறங்குது," என்பாள். அவளிடம் வாதம் செய்து டீச்சர் ஜெயித்ததில்லை.

போன வருஷம் போபாலில் ஓர் அழைப்புப் போட்டி. கூட வர வேண்டிய ஆசிரியர் கிளம்பும் நேரத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டார். டீச்சர் ஒற்றை ஆளாய்ப் பிள்ளைகளை ரயிலேற்றினார். நாக்பூரில் வண்டி நின்றது. செல்போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, பணப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினார். சிவப்புச் சட்டைப் போர்ட்டர் ஒருவரிடம் தன் வழக்கமான கேள்வியைச் சைகையில் கேட்டார். அவர் நிலையத்துக்கு வெளியே கை காட்டினார்.

வாசலுக்கு எதிரே தள்ளுவண்டியில் ஓர் அம்மாள் மஞ்சள் மஞ்சளாக அவல் தாளித்து வைத்திருந்தார். அதன்மேல் கறுப்புக் கொண்டைக்கடலை மிதக்கும் செக்கச்செவேலென்ற குழம்பை ஒரு கரண்டி ஊற்றி, வெங்காயம் தூவிக் கொடுத்தார். முதல் வாயிலேயே டீச்சருக்கு முட்டையை மசாலாவில் புரட்டித் தரும் நம்ம ஊர் முட்டை மாஸின் காரம் ஞாபகம் வந்தது. இது பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று தோன்றியது. எல்லோருக்கும் பொட்டலம் கட்டச் சொன்னார். அதில்தான் நேரம் போனது. தாமதமாக வந்த வண்டி, நிற்க வேண்டிய நேரத்தைக் குறைத்துக்கொண்டு கிளம்பியிருந்தது. பையும் கையுமாக டீச்சர் ஓடி வந்தபோது கடைசிப் பெட்டியின் முதுகுதான் தெரிந்தது.

குண்டு எறிந்த உடம்பு தண்டவாளத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றது. முனியசாமியின் முகம் கண்முன் வந்தது. அவர் மோகனப்ரியாவின் அப்பா. மகளை வெளி மாநிலம் அனுப்ப மாட்டேன் என்று நின்றவர். டீச்சர் வீடு தேடி நடையாய் நடந்து சம்மதிக்க வைத்திருந்தார். "ஒங்கள நம்பித்தான் டீச்சர் அனுப்புறேன்," என்று பஸ் ஸ்டாண்டில் அவர் சொன்னபோது, "நான் இருக்கேன்ல," என்று டீச்சர் சொல்லியிருந்தார். இப்போது அந்த 'நான்' நாக்பூரில் நின்றது. பிள்ளைகள் எங்கோ போய்க்கொண்டிருந்தார்கள். ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால், இனி அந்தப் பக்கத்து ஊர்களில் எந்த அப்பனும் பெண் பிள்ளையை விளையாட அனுப்ப மாட்டான்.

அவல் கடை அம்மாளிடமே திரும்பி ஓடினார். "ட்ரெயின் போச்சு. கேர்ள்ஸ். போன், போன்," என்றார். அந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் தன் செல்போனைத் துடைத்துக் கொடுத்தார். டீச்சருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் தன் சொந்த எண்தான். அடித்தார். மணி போய் நின்றது. டீச்சர் போனைத் தொடக் கூடாது என்று அவரே போட்ட சட்டம். மறுபடி அடித்தார். எடுத்தது மோகனப்ரியா.

"டீச்சர் பாத்ரூம் போயிருக்காங்க. அப்பறமா பண்ணுங்க."

வைத்துவிட்டாள். மூன்றாம் முறை எடுத்தவுடனேயே டீச்சர் முந்திக்கொண்டார். "வச்சிராதடி. நான்தான் டீச்சரு பேசுறேன். நாக்பூருலயே நின்னுட்டேன்."

அந்தப் பக்கம், "டீச்சர் ஸ்டேஷன்லயே நின்னுட்டாங்களாம்டி," என்று மோகனப்ரியா மற்றவர்களிடம் சொல்வது கேட்டது.

"எல்லாரும் ஒரே எடத்துல ஒக்காருங்க. நடுவுல எந்த ஸ்டேஷன்லயும் எறங்கக் கூடாது. டிடிஆர் வந்தா போன அவருகிட்ட குடு. போபால்ல எறங்கி அதே பிளாட்பாரத்துல இருங்க. நான் அடுத்த வண்டியப் புடிச்சு வாரேன்."

"சரிங்க டீச்சர். நீங்க பயப்படாதீங்க," என்றாள் மோகனப்ரியா.

அந்த ஒரு வார்த்தையில் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அவசரத்தில் கொடுக்காமல் ஓடிய பொட்டலக் காசை இப்போது நீட்ட, அவல் கடை அம்மாள் வாங்க மறுத்தார். டீச்சர் அதை வண்டியின் தட்டில் வைத்துவிட்டு நடந்தார்.

அடுத்த வண்டியில் முன்பதிவில்லாப் பெட்டிதான் கிடைத்தது. நின்றபடியே போனார். வழியில் வந்த ஸ்டேஷன்களில் எது எதையோ கூவி விற்றார்கள். வாசனை வந்தது, பசி வரவில்லை. "ஆவூர் மாதாவே, புள்ளைகளப் பாத்துக்க," என்பதைத் தவிர வேறு ஜெபம் வாயில் நிற்கவில்லை. கையிலிருந்த பொட்டலங்களைக் காலடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். அவர்கள் ருசித்துத் தின்பதைப் பார்க்கக்கூட முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போபாலில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு போனவர், பிளாட்பாரத்தின் நடுவில் அவர்களைக் கண்டார். பைகளின் மேல் ஒரே வரிசையாய், கோகோ ஆட்டத்தில் உட்காருவதுபோல, ஒருத்தி இங்கிட்டும் அடுத்தவள் அங்கிட்டும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் தெரிய வேண்டுமாம். மோகனப்ரியாவின் ஏற்பாடு. டீச்சர் ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே வரிசையின் கடைசிவரை போனார். பிறகு மறுபடி முதலிலிருந்து தொட்டார்.

"சாப்புட்டீங்களாடி?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எதிர் சீட்டில் வந்த போபால் குடும்பம் தங்கள் தூக்குச்சட்டியைத் திறந்திருக்கிறது. பூரி, உருளைக்கிழங்கு, சோம்பு வாசம் அடிக்கும் மாங்காய் ஊறுகாய். "ஊறுகா நம்ம ஊறுகா மாதிரி இல்ல டீச்சர். முழுசு முழுசா கெடக்கு. ஆனா நல்லாருந்துச்சு," என்றாள் ஒருத்தி. புளிச்சோற்றை அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

அங்கேயே நின்று டீச்சர் முனியசாமிக்குப் போன் போட்டார். மறைக்க முடியாது என்பதால் அல்ல, மறைத்தால் தூக்கம் வராது என்பதால். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"புள்ளைக பத்திரமா இருக்குல்ல டீச்சர்?"

"இருக்குங்க. பக்கத்துலதான் நிக்கிறாளுக."

"சரி. நீங்க சாப்புட்டீங்களா?"

அப்போதுதான் நாக்பூரில் தின்ற ஒரு வாய் அவலுக்குப் பிறகு வயிறு காலியாகக் கிடப்பது டீச்சருக்குத் தெரிந்தது. மோகனப்ரியாவிடம் போனைக் கொடுத்துவிட்டு, எதிரே இருந்த கடையில் ஆறிப்போன சமோசாவும் டீயும் வாங்கி, பைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து தின்றார். ஒன்று, இரண்டு, மூன்றாவதும் உள்ளே போனது. பிள்ளைகள் சுற்றி நின்று சிரித்தார்கள். அதன் ருசி எப்படி என்று பின்னாளில் சக ஆசிரியைகள் கேட்டதற்கு, "உப்பு தூக்கலுங்க. ஆனா அம்புட்டு நிம்மதியா நான் எதையும் தின்னதில்ல," என்றார்.

போட்டியில் இரண்டாவது சுற்றிலேயே தோற்றார்கள். இந்த ஜனவரியில் மறுபடி ஒரு பயணம். பிள்ளையை அனுப்ப முனியசாமியே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பைகளைத் தூக்கி வைத்தார். வண்டி விஜயவாடாவில் நின்றது. பிளாட்பாரத்தில் ஒருவர் புனுகுலு என்று சின்னச் சின்ன போண்டாக்களைச் சுடச்சுட விற்றுக்கொண்டிருந்தார். ஜெயராணி டீச்சர் இறங்கினார். இறங்கி, ஓரடிகூட நகராமல், கடைக்காரரைக் கைதட்டித் தன்னிடம் வரவழைத்தார். மோகனப்ரியா படியில் நின்று தட்டை ஏந்திக்கொள்ள, வலது கையால் போண்டாவை இஞ்சிச் சட்னியில் முக்கிக் கண்ணை மூடித் தின்றார். இடது கை, பெட்டியின் கதவுக் கம்பியை இறுகப் பிடித்திருந்தது.