அன்டன் அண்ணன் வாசித்த விண்கப்பல்

ஒரு டீவித் தொடர் எந்த இடத்தில் செத்தது என்று உங்களால் சொல்ல முடியுமா? அந்த விண்கப்பல் தொடருக்காக இணையத்தில் இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். புதுக் கெப்டன்தான் கெடுத்தாராம். வாசித்து வாசித்து எனக்கு அலுத்துவிட்டது.

எனக்கு அந்தத் தொடர் என்றால் கொச்சிக்காய்த் தூள் நெடிதான். யுத்தத்தின் கடைசி வருடங்களில், அலுவிகாரையில் நிஸ்பார் நானாவின் மிளகாய் அரைக்கும் மில்லுக்குப் பின்னறையில், சனிக்கிழமை பின்னேரங்களில் தும்மிக்கொண்டே பார்ப்போம். ஆங்கிலத் தொடர்; கீழே சிங்கள எழுத்து ஓடும். சிங்களம் பேச எல்லோருக்கும் வரும், ஆனால் அந்த வேகத்தில் வாசிக்க மில்லில் வேலை செய்த அன்டன் அண்ணனுக்கு மட்டும்தான் வரும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நாங்கள் பார்ப்போம். வேற்றுக்கிரகக் காவலன் கப்பலை மறித்தால், வீதிச் சோதனையில் எங்களைக் கேட்கிற அதே குரலில், "ஐடென்டிட்டிய எடு! எந்தத் தோட்டம்? கங்காணி யாரு?" என்பார். தையற்கடை மேரி அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போவார்.

ஒரு நாள் வீதிச் சோதனையில் அன்டன் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வருவாரா என்றே தெரியாது. நிஸ்பார் நானா பொலிசுக்கும் கோயில் பாதருக்குமாக அலைந்தார். சனிக்கிழமைகளில் நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். அதே வாரங்களில்தான் கப்பலுக்குப் புதுக் கெப்டன் வந்தார்.

"கெப்டன மாத்தின அன்னைக்கே எல்லாம் முடிஞ்சி. இப்ப ஈக்கிறது வெறும் தகரம்" என்பார் நானா.

"கெப்டன் என்னா செய்வாரு நானா? எழுதுறவனுக்குச் சரக்கு தீந்துபோச்சி. நம்ம மில்லுல ஒரு கிலோ ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

"நீ சட்டையத் தை மேரி!"

இருவரும் விட்டுக்கொடுக்கவே இல்லை. அன்டன் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன்.

வந்தார். மெலிந்துபோய், முடி ஒட்ட வெட்டப்பட்டு. அந்தச் சனிக்கிழமையும் திரையில் ஒரு காவலன் கப்பலை மறித்தான். சிரிக்கத் தயாராக எல்லோரும் அன்டன் அண்ணனையே பார்த்தோம்.

"கப்பலை நிறுத்து. உள்ளே எத்தனை பேர்?" என்றார், எழுத்தில் இருந்த மாதிரியே.

"அவ்ளோதானா அன்டன்?" என்றார் மேரி அக்கா.

"அவ்ளோதான் அக்கா போட்டிருக்கு."

மேரி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொச்சிக்காய் நெடி என்று நினைத்துக்கொண்டேன். நிஸ்பார் நானா எழுந்து டீவியின் தலையில் ஒரு அடி அடித்தார்.

"நீ சொன்னதுதான் சரி மேரி. எழுதுறவனுக்குச் சரக்கு தீந்துபோச்சி."

இப்போது மில் இருந்த இடத்தில் போன் கடை. அன்டன் அண்ணன் கட்டாரில். அந்தக் காட்சியை நேற்று அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஒரு தடவை வாசித்து அனுப்பச் சொல்லிக் கேட்டேன். அவர் பார்த்துவிட்டதாக நீல அடையாளம் மட்டும் விழுந்திருக்கிறது.