பன் பையும் வலது காலும்

கடல் வந்து வீட்டைக் கொண்டுபோனபோது நான் அரசாங்கக் கந்தோர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அன்று நானும் மனைவியும் சித்தாண்டியில் அவளுடைய உறவுக்காரர் வீட்டில் நின்றதால் உயிர் மிஞ்சியது. பிறகு வாவிக்கரையில் தகரக் கொட்டில் வரிசையொன்றில் எங்களுக்கும் ஓர் இடம் கிடைத்தது. அங்கே என் மதிப்பு ஏறிவிட்டது. எந்தப் பத்திரத்தை எந்தக் கந்தோரில், எந்த மேசையில் கொடுத்தால் அது தொலையாமல் இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். விடிந்தது முதல் பொழுதுபடும்வரை பிளாஸ்டிக் கதிரையில் இருந்து மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். அவர்கள் நன்றியாகக் கொண்டுவந்தது தேத்தண்ணி. நிவாரணத்தில் சீனி தாராளமாக வந்த காலம். எல்லாவற்றையும் இழந்தவர்கள் தருகிற ஒரே பொருளை வேண்டாமென்று சொல்ல எந்த விதிக்கோவையிலும் எனக்கு வழி கிடைக்கவில்லை.

எனக்கு ஏற்கெனவே சீனி வருத்தம், நீரிழிவு. வலது கால் பெருவிரலில் சின்னதாக ஒரு புண் வந்தது, ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்து ஒருவழியாக ஆறியபின், கிளினிக்கில் டொக்டர் காலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த முறை விரல் தப்பிட்டுது. இன்னொரு புண் வந்தா காலுக்கு நான் பொறுப்பில்ல, ஐயா."

இனிப்பை விட வேண்டும், சோற்றைக் குறைக்க வேண்டும், செருப்பில்லாமல் கால் நிலத்தில் படக்கூடாது, தினமும் வேர்க்க வேர்க்க நடக்க வேண்டும். சுற்றுநிருபங்களை எப்படி வாசித்தேனோ அப்படியே இதையும் கேட்டேன். அதாவது ஏற்றுக்கொண்டு, கோப்பில் போட்டுவிட்டு, மறந்துவிடும் எண்ணத்தோடு.

மனைவிக்கு அந்தப் பழக்கம் இல்லை. அன்று பின்னேரமே வரிசை முழுவதும் போய்ச் சொல்லிவிட்டாள். அடுத்த நாளிலிருந்து ஒருவரும் எனக்குச் சீனித் தேத்தண்ணி தரவில்லை. பதிலாக எருமைத் தயிர் வந்தது, மேலே கித்துள் பாணி, தேன்போல இனிக்கிற மரப்பாகு, ஊற்றி. சீனி ஒரு துளிகூட இல்லை என்று சத்தியம் செய்தார்கள், உண்மையும் அதுதான். அந்தத் தடையுத்தரவை நான் மிகுந்த பணிவோடு கடைப்பிடித்தேன். அடுத்த கிளினிக்கில் இரத்தம் பார்த்தபோது பாணியின் கதை வெளியே வந்தது. அதன்பின் கொத்தமல்லித் தண்ணிதான்.

நடைதான் பெரும் பாடு. யுத்தம் முடியாத காலம். முதல் நாள் விடிய எழும்பி, கையை வீசிக்கொண்டு பாலத்தடிக்குப் போனேன். சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய் எங்கே போறது என்று கேட்டான். சும்மா என்றேன். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் அதைவிட ஆபத்தான பதில் இல்லை. வேலையுமில்லாமல், சாமானுமில்லாமல், விடியப்புறம் பாலம் வரை நடந்து வந்து திரும்பிப் போகிற மனிதனை எவன் நம்புவான்? வெயில் ஏறி, என்னைத் தெரிந்த ஒருவர் வந்து சொல்லும்வரை வீதியோரம் இருத்தி வைத்தார்கள்.

மனைவி பயந்துவிட்டாள். எனக்கோ உள்ளூர மகிழ்ச்சி. நடை முயற்சிக்கப்பட்டது, பாதுகாப்புக் காரணங்களால் கைவிடப்பட்டது. அவ்வளவு அழகாக மூடப்பட்ட கோப்பு என் சேவைக்காலத்திலேயே கிடையாது.

அடுத்த கொட்டிலில் ஒரு பெண் இருந்தாள். கணவனைக் கடல் கொண்டுபோனது, உடல் கிடைக்கவில்லை. அவனுடைய மரணச் சான்றிதழுக்காக நான் அவளோடு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியிருந்தேன். எங்களுக்கிடையில் இருந்தது ஒரு தகரம்தான், எல்லாம் கேட்கும். அடுத்த நாள் ஒரு பன் பையோடு, பன் புல்லில் இழைத்த சந்தைப் பையோடு, வந்து நின்றாள்.

"ஐயா, வெறுங்கையோட போறவனத்தான் மறிப்பானுகள். இதக் கொண்டு போங்க, எனக்கும் மீன் வாங்கிட்டு வாங்க. மீன் வாங்கப் போற மனிசன ஆரு கேக்கப் போறான்?"

எனக்கு மீன் பார்த்து வாங்கத் தெரியாது என்றேன்.

"செவுளப் பாருங்க. சிவப்பா இரிந்தா வாங்குங்க. கந்தோரில சிவப்பு மையால எழுதினவருக்கு இது பெரிய வேலையா?"

மறுநாள் சிப்பாய் என்னைப் பார்த்தான், பையைப் பார்த்தான். "மாளு?" என்றான். ஓம், மீன்தான் என்று தலையாட்டினேன். கையைக் காட்டிப் போகச் சொன்னான். பாலத்தைத் தாண்டிச் சந்தைக்குப் போய்த் திரளி வாங்கி வந்தேன். அவள் செவுளைத் திறந்து பார்த்து, பரவாயில்லை என்றாள். நான் வாங்கிய பதவி உயர்வுகளில் அதற்கு அடுத்ததாகத்தான் மற்றவை.

மெல்ல மெல்ல வரிசையில் மற்ற வீடுகளும் சொல்லத் தொடங்கின. ஒருவருக்கு இறால், ஒருவருக்குக் கூனி. நடக்காமல் விட்டால் என் கால் மட்டுமல்ல, பல வீட்டுக் கறியும் போய்விடும் என்ற நிலை. ஒரு மழைக் காலையில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன். தகரத்துக்கு அப்பாலிருந்து அவளுடைய குரல், என் மனைவியிடம் பேசுவதுபோல:

"அக்கா, ஐயாட கால் ஐயாட இஷ்டம். எங்கட சட்டிதான் அடுப்பில சும்மா காயுது."

குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

யுத்தம் முடிந்தபின் அவளுக்கு வாவி ஓரமாகவே வீடு கிடைத்தது. எங்களுக்கும் சற்றுத் தள்ளி ஒன்று. அவள் குடிபுகுந்த அன்று அங்கே சாப்பிடப் போயிருந்தோம். அவளுடைய அண்ணன், வாவியில் வலை வீசுகிறவர், எனக்குப் பக்கத்தில் இருந்தார். கணவன் போன நாளிலிருந்து தங்கச்சிக்குக் கறிமீனைத் தானே கொண்டுவந்து கொடுத்ததாகப் பேச்சுவாக்கில் சொன்னார். விடியுமுன்னே கொடுத்துவிட்டுப் போய்விடுவாராம்.

நான் சோற்றில் கை வைத்தபடி அவளைப் பார்த்தேன். அவ்வளவு காலமும் நான் சுமந்துவந்த மீன் எங்கே போனது என்று கேட்டேன்.

"கருவாடு போட்டன் ஐயா. அதையும் நீங்கதான் திண்டீங்க."

மனைவி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

மேலதிகாரிகள் என்னை எத்தனையோ இடங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இவ்வளவு நல்ல காரணத்துக்காக ஒருவரும் அனுப்பியதில்லை. கால் இரண்டும் இருக்கின்றன. டொக்டர் இப்போதும் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த கிளினிக் திகதியை எழுதித் தருகிறார்.

பாலத்தடியில் இப்போது ஒருவரும் மறிப்பதில்லை. அந்தத் துணிவில் ஒருநாள் வெறுங்கையோடு புறப்பட்டேன். பாதி வழியில் வெயில் சுட்டது, செருப்பு கடித்தது, திரும்பிவிட்டேன். அடுத்த நாள் பழைய பையை எடுத்துக்கொண்டு அவளுடைய வாசலில் நின்று, என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"இறால்" என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் அவளுடைய அண்ணன் வலையை உதறிக்கொண்டிருந்தார்.