லாச்சப்பல் பாலத்தடியில் நான் சொன்னது

இதைத் தாமதமாக எழுதுகிறேன். நாங்கள் போனது மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில். பிறகு மகளுக்குச் சளி, அது மாறக் காதுவலி, அதுவும் மாற எனக்குக் கோபம் என்று நாட்கள் போய்விட்டன. சின்னப் பிள்ளையோடு புறநகரான ஆர்ஜொந்தெயிலிருந்து பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்குப் போக நினைக்கிறவர்களுக்கு வழி கடைசியில் இருக்கிறது. முதலில் ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு பிரெஞ்சு நடிகை, இப்போது இயக்குநர். பெயர் எழுதமாட்டேன், வீண் வம்பு. பத்தொன்பது வயதில் நடிக்க வந்தவர். முதல் படத்தில் அவருடைய குரல் தடிப்பாக இருக்கிறதென்று வேறொருத்தியின் குரலைப் போட்டுவிட்டார்கள். திரையரங்கின் இருட்டில் தன் வாயிலிருந்து இன்னொருத்தி பேசுவதைக் கேட்டு அழுததாக எல்லாப் பேட்டியிலும் சொல்வார். பிறகு பதினைந்து வருடம் அழுகிற மனைவி, ஓடிப்போகிற காதலி. பிள்ளை பிறந்ததும் அழைப்புகள் குறைந்தன. நாற்பது தாண்டியதும், தன்னைவிட ஏழு வயதே இளைய நடிகனுக்குத் தாயாக நடிக்கக் கேட்டார்களாம். "இனி நானே படம் எடுக்கிறேன்" என்று எழும்பிப் போனவர்.

மகளுக்குப் பால் கொடுத்தபடி அவருடைய பேட்டிகளைப் பார்த்துத்தான் என் பிரெஞ்சு திருந்தியது. யாழ்ப்பாணத்தில் பட்டம் எடுத்துவிட்டு இங்கே வீட்டில் இருக்கும் எனக்கு, பிள்ளைக்குப் பிறகும் ஒரு பெண் தொடங்கலாம் என்பதற்கு அவர்தான் சாட்சி.

போன வருடம் அவர் லாச்சப்பலில் படம் எடுக்க வந்தார். பிரெஞ்சும் தெரிந்த ஒரு தமிழ்த் தாய் வேண்டும் என்று லூயி-பிளாங் தெருவில் உணவகம் வைத்திருக்கும் ரவி அண்ணையிடம் கேட்க, என் கணவரின் பழைய முதலாளியான அவர் என்னைச் சொல்லிவிட்டார். மெட்ரோ பாலத்தடியில் நின்று ஊரிலுள்ள அம்மாவோடு தொலைபேசியில் பேச வேண்டும், அவ்வளவுதான். பாரிஸில் சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுதித் தந்திருந்தார்கள். இயக்குநர் அந்தத் தாளை வாங்கி மடித்துவிட்டு, உன் அம்மாவிடம் சொல்ல முடியாததைச் சொல் என்றார். சொன்னேன்.

"அம்மா, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எனக்குப் பயமா இருக்கு. மூச்சு விடுறாளோ எண்டு கையை வைச்சு வைச்சுப் பாக்கிறன். இஞ்சை எனக்கு ஒருத்தரும் இல்லை."

அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் கண்ணைத் துடைத்தார். என்னைக் கட்டிப்பிடித்தார்.

ஆகவே படம் வந்ததும், மூன்றரை வயது மகளை மடியில் வைத்து, திரையில் அம்மா பேசுவதைக் கேட்கப்பண்ண வேண்டும் என்று புறப்பட்டேன். பையில் காய்ச்சல் மானி, இரண்டு மாற்று உடுப்பு, பழக்கூழ். படம் பகல் இரண்டு மணிக்கு, லாச்சப்பலிலிருந்து நடக்கக்கூடிய ஒரு சிறிய திரையரங்கில். ரவி அண்ணையும் வந்தார். காய்கறிப் பெட்டி தூக்குகிறவராக அவரும் படத்தில் இருந்தார். மகள் அழுதால் ஓட வசதியாக வாசலோரம் இருந்தேன்.

என் முகம் வந்தது. "அம்மா!" என்று மகள் துள்ளினாள். திரையில் நான் வாயைத் திறந்தேன்.

"அம்மா, நான் இங்க ரொம்ப சந்தோஷமா இருக்கேன். நீங்க கவலைப்படாதீங்க."

தமிழ்நாட்டுக் குரல், மெல்லியது, இனியது. மகள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இது அம்மா இல்லை என்று பிரெஞ்சில் உரக்கச் சொன்னாள். முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

படம் முடிந்து இயக்குநரோடு கலந்துரையாடல். ஒலிவாங்கியை வாங்கி, என் குரலுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் என்னை உடனே அடையாளம் கண்டார். மேலே மெட்ரோ போன சத்தத்தில் என் குரல் கெட்டுவிட்டதாம். திரும்ப எடுக்க நேரமில்லையாம். கையிலிருந்த வசனத்தைக் கொடுத்து ஒரு தமிழ்ப் பெண்ணைப் பேசவைத்தார்களாம். பிறகு நெஞ்சில் கைவைத்து, "உங்களை எனக்கு நன்றாக விளங்குகிறது. எனக்கும் இதைத்தான் செய்தார்கள்" என்றார்.

அரங்கம் கைதட்டியது. அவருக்கு.

விளங்கினால் ஏன் செய்தீர்கள் என்று நான் கேட்டபோது ஒலிவாங்கி அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. என் குரல் அங்கேயும் கேட்கவில்லை.

வெளியே ரவி அண்ணை, "பிள்ளை, நீ எப்ப மெட்ராசுக்குப் போய் வந்தனீ? சொல்லவே இல்லை," என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் வண்டியைத் தான் வாங்கித் தள்ளிக்கொண்டு, "நான் வாயே திறக்கேல்லை. அதாலை படத்திலை நான் நானாவே இருக்கிறன்," என்றார்.

இனி வழி. ஆர்ஜொந்தெயிலிருந்து சாங்-லசார் நிலையத்துக்கு ரயிலில் கால் மணி நேரம். அங்கிருந்து மெட்ரோவில் ஏறாதீர்கள். லாச்சப்பல் மெட்ரோ நிலையம் பாலத்தின் மேலே இருக்கிறது. குழந்தை வண்டியோடு படிகள் உயிரை வாங்கும். RER E ரயில் பிடித்து அடுத்த நிலையமான மஜொந்தாவில் இறங்கினால் லிஃப்ட் உண்டு, வேலை செய்தால். கார் து நோர் ரயில் நிலையப் பக்கமாகப் பத்து நிமிட நடை. நான் போனபோது பயணச்சீட்டு இரண்டரை யூரோ, நான்கு வயதுக்குக் கீழ் இலவசம். அங்கே கடைகளில் விற்கிற ரோல்ஸ் பிள்ளைகளுக்கு உறைப்பு, முதலில் கேட்டு வாங்குங்கள்.

திரும்பும்போது அதே பாலத்தடியில், நீ உண்மையில் என்ன சொன்னாய் என்று மகள் பிரெஞ்சில் கேட்டாள். வாயெடுக்க, மேலே மெட்ரோ வந்தது. நின்றேன். சத்தம் அடங்கியதும் குனிந்து, "பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அம்மாக்குப் பயம் எண்டு சொன்னனான்," என்றேன்.

அவள் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லை," என்றாள், தமிழில்.

கடைசியாக ஒன்று. லாச்சப்பல் பாலத்தடியில் யாராவது உங்களிடம் ஏதாவது சொல்லத் தொடங்கும்போது மெட்ரோ வந்தால், கொஞ்சம் பொறுத்து நில்லுங்கள். அரை நிமிடத்தில் போய்விடும்.