பேக்கரிக்கு ஜாதகம் பார்த்த கதை

பிறத்தியார் கம்பெனிகளுக்கு ஜாதகம் பார்த்து, அதுல பணம் போடலாமா வேண்டாமான்னு சொல்றதுதான் எங்க தொழில். பெயர் பிரைவேட் ஈக்விட்டி. பணக்காரங்க நம்பிக் கொடுத்த காசை வளரப்போற வியாபாரங்கள்ல போட்டு, பங்கு வாங்கி, சில வருஷம் கழிச்சுக் கூடின விலைக்கு வித்துடணும். கொழும்பு ஆபீஸ்ல நான்தான் கடைக்குட்டி அனலிஸ்ட். எனக்கு முந்தி இருந்தவங்க கண்ணு பூத்துப்போகப் படிச்ச அறிக்கைகளை இப்ப ஏ.ஐ. ஒரு டீ குடிக்கிற நேரத்துல படிச்சு முடிச்சுடுது. 'அப்ப உனக்கு என்ன வேலை?'ன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க. ஆபீஸ்ல ஏ.ஐ.யைக் கட்டி மேய்க்கிற என் சக பாவிகளுக்கு அது தெரியும்: நல்லா வந்தா பேரு அதுக்கு, பிழையாப் போனா திட்டு நமக்கு.

புரோக்கர்

வேலை கிடைச்சு முதல் தடவை ஊருக்கு வந்தப்போ, பதுளை பஸ் ஸ்டாண்ட்ல, மலை மேல இருக்கிற எங்க நமுனுகுலைக்குப் போற பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தேன். பக்கத்து வீட்டு சிவலிங்கம் மாமா பிடிச்சுக்கிட்டு, என்ன வேலைன்னு கேட்டார். எங்க ஊர்ல ஒருத்தரைப் பார்த்தா சம்பளம் முதற்கொண்டு விசாரிக்கிறதுதான் மரியாதை. விசாரிக்காம போனாத்தான் கோபமா இருக்காங்கன்னு அர்த்தம்.

"பணம் தேவைப்படுற கம்பெனியையும், பணம் வச்சிருக்கிறவங்களையும் சேர்த்து வைக்கிறோம் மாமா. பொருத்தமா இல்லையான்னு முதல்ல கம்ப்யூட்டர் பார்த்துச் சொல்லும், பிறகு நான் பார்ப்பேன்"னு விளக்கினேன். வரிசையில நின்ன அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டாங்க. மாமா பஸ்ஸுக்கே கேக்கிற மாதிரி சொன்னார்: "அட, புரோக்கர் வேலைன்னு சொல்லு புள்ள, அதுக்கு எதுக்கு இம்புட்டு சுத்தி வளைக்கிற!"

இல்லாத கடை

வெளி மாகாணத்துச் சின்ன வியாபாரங்களுக்கும் பணம் போடலாம்னு ஆபீஸ்ல ஒரு முடிவெடுத்தாங்க. "உங்க ஊர்ல யாராவது இருக்காங்களா?"ன்னு கேட்டதும் நான் துள்ளிக் குதிச்சு ரெஜினா அக்கா பேரைக் கொடுத்தேன். பதுளை டவுன்ல பேக்கரி வச்சிருக்காங்க. புருஷன் செத்த பிறகு தனி ஆளா நடத்துறாங்க. விடியுறதுக்குள்ள அவங்க சூன் பாண் ஓட்டோக்கள் பாட்டைப் போட்டுக்கிட்டு நமுனுகுல, லுணுகலைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்கெல்லாம் ஏறிடும். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போறதுக்கு முன்னாடி வாசல்லயே சூடா பாண், அதாவது பிரெட், கிடைக்கும்.

சிக்கல் என்னன்னா, பாண் சுடுற போறணை பழசாகி வெடிப்பு விட்டுப்போச்சு. பூசிப் பூசி ஓட்டிக்கிட்டிருந்தாங்க. புருஷனோட தம்பி யேசுதாஸ் புதுப் போறணைக்குக் காசு தர்றேன்னு நின்னார், ஆனா பாதிப் பங்கு வேணுமாம், தோட்டத்துக்குப் போற ஓட்டோவெல்லாம் நட்டமாம், அதையும் நிப்பாட்டணுமாம். அக்காவுக்கு அதுல துளியும் இஷ்டமில்ல. எங்க பணம் வந்தா சின்னப் பங்குதான் போகும், கடை அவங்க கையிலயே இருக்கும்.

எங்க மேனேஜர் பிரகாஷ் சேர் கொழும்புலயே பிறந்து வளர்ந்தவர். கடையைப் பத்தித் தேடச் சொல்லி ஏ.ஐ.க்கு உத்தரவு போட்டார். அதுவும் உலகத்தையே சலிச்சுப் பார்த்துட்டு, 'வாகனம் நிறுத்த இடமில்லை'ன்னு யாரோ எழுதின ஒரே ஒரு குறையைக் கொண்டு வந்து போட்டுச்சு. நான் அந்தக் கடை இனிப்புப் பணிஸ் சாப்பிட்டு வளர்ந்தவள்னு சொன்னேன். சேர் கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டார்: "இன்டர்நெட்ல இல்லாத கடை நிஜத்துல மட்டும் எப்படிம்மா இருக்கும்?"

மேசையில ஒரு விருந்தாளி

ஒருவழியா சேரைப் பதுளைக்கு, அக்கா கடைக்கே கூட்டிக்கிட்டு வந்துட்டேன். பேசுறதையெல்லாம் கேட்டுச் சுருக்கி எழுதுற ஏ.ஐ.யைப் போன்ல போட்டு மேசையில வச்சேன். "இது என்ன?"ன்னு அக்கா கேட்டாங்க. "நீங்க பேசுறதை எழுதிக்கும்"னு சொன்னதுதான் தாமதம், அதுக்குப் பிறகு எங்க ரெண்டு பேரையும் அவங்க ஏறெடுத்தும் பார்க்கல. போனைப் பார்த்தே நிறுத்தி நிறுத்திப் பேசினாங்க. எங்களுக்கு முதலை மாதிரி சுட்ட கிம்புலா பணிஸ் வச்சாங்க, போனுக்குப் பக்கத்துலயும் ஒரு தட்டு.

புருஷனை அடக்கம் பண்ணின மறுநாள், கடையை மூடிடலாம்னு இருந்தாங்களாம். கடையைப் பூட்டச் சாவியோட வந்தா, வேலையாட்கள் யாரும் சொல்லாமலே வந்து போறணையைப் பத்த வச்சு, மாவு பிசைஞ்சுக்கிட்டு நின்னாங்களாம். அதைச் சொல்லும்போது அக்கா அழுதுட்டாங்க. நானும் அழுதுட்டேன். சேர் பணிஸையே பார்த்துக்கிட்டிருந்தார். பிறகு வந்த சுருக்கத்துல இதெல்லாம் ஒரே வரி: 'நிறுவனரின் குடும்பப் பின்னணி விளக்கப்பட்டது.' ஆனா அன்னைக்குக் கிளம்புறப்போ அக்கா போன்கிட்டக் குனிஞ்சு ரகசியமாச் சொன்னாங்க: "தம்பி, நான் அழுததை மட்டும் எழுதிடாதீங்க, மத்ததெல்லாம் எழுதுங்க."

எந்தக் கட்டம்?

ஏ.ஐ. ஜாதகம் கணிச்சுச் சிவப்புல முடிவு போட்டுச்சு. வியாபாரம் முழுக்க ஒரே ஆளை நம்பி இருக்கு, அவங்க விழுந்தா கடையும் விழுந்துடும்னு காரணம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவங்க விழுந்து கிடந்த அன்னைக்கே போறணை எரிஞ்சுதே சேர், நீங்களும்தானே கேட்டீங்கன்னு கூட்டத்துல சண்டை போட்டேன். புதுசா வந்தவளுக்கு இது ஓவர்னு எல்லாரும் பார்த்தாங்க.

சேர் கெட்டவர் இல்லைங்க. நான் பேசி முடிக்கிற வரைக்கும் பொறுமையாக் கேட்டார், தலையையும் ஆட்டினார். கடைசியில கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிட்டுச் சொன்னார்: "சுகந்தி, உன் ஊர்ப் பாசத்தை இதுல எந்தக் கட்டத்துலம்மா போடுறது?"

கேக் பெட்டி

பணம் இல்லைங்கிறதை அக்காகிட்ட நேர்ல போய் நானே சொல்லிடுறேன்னு கேட்டேன். "எதுக்கு வீணா அலைச்சல்? கடிதம் போயிடுச்சு. ஏ.ஐ. தமிழ்லயே எழுதுச்சு"ன்னு சேர் பெருமையாச் சொன்னார். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. நான் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

ஞாயித்துக்கிழமை அம்மா போன் பண்ணினாங்க. மாதா கோயில்ல பூசை முடிஞ்ச கையோட ரெஜினா அக்கா சூன் பாண் ஓட்டோவிலேயே நமுனுகுலைக்கு ஏறி வந்து, ஒரு பெட்டி கேக் கொடுத்துட்டு, கடிதத்தையும் வாசிச்சுக் காட்டிட்டுப் போனாங்களாம். 'தங்கள் அயராத உழைப்பு எங்கள் நெஞ்சைத் தொட்டது. தங்கள் வெற்றிப் பயணத்தை என்றென்றும் ஆவலுடன் நோக்கியிருப்போம். இணைந்து பணியாற்றும் காலம் கனியட்டும்.' ஐயோ, அதுல எங்கயுமே 'இல்லை'ங்கிற சொல்லே இல்லைங்க! எங்க ஆளுங்களுக்கு ஆபீஸ்கள்ல இருந்து வர்ற கடிதம் பாதி சிங்களத்துல இருக்கும், மீதி மிரட்டும். மரியாதையா, சுத்தத் தமிழ்ல ஒண்ணு வந்தா அது நல்ல சேதியாத்தானே இருக்கணும்? அம்மா சந்தோஷத்துல மூச்சு விடாம சொல்லிக்கிட்டே போனாங்க: "கோயில் வாசல்ல எல்லாருக்கும் முன்னாடியே யேசுதாஸுக்குச் சொல்லிட்டாளாம், உன் காசு எனக்கு வேணாம்னு, நல்ல காரியம் பண்ணின சுகந்தி!"

நல்ல தமிழ்

லீவு போட்டுட்டுப் பதுளைக்கு ஓடினேன். அக்கா மாவு மூட்டையெல்லாம் நகர்த்திட்டு, புதுப் போறணை வர்ற இடத்தைத் தரையில சாக்கட்டியால கோடு போட்டு வச்சிருந்தாங்க. மிதிச்சுடாதேன்னு என்னைச் சுத்திக் கூட்டிக்கிட்டு வந்து உக்கார வச்சாங்க. நான் பூசி மெழுகல. பணம் வராதுக்கா, அந்தக் கடிதத்துக்கு அதுதான் அர்த்தம்னு சொல்லிட்டேன்.

பிறகு நடந்ததை இப்பவே சொல்லிடுறேன். அக்கா தானாவே யேசுதாஸ் வீட்டுக்குப் போய்க் கேட்டாங்க. கோயில் வாசல்ல பட்ட அவமானத்துக்கு அவர் பாதிக்கு மேலயே பங்கு எழுதி வாங்கிக்கிட்டார். புதுப் போறணை வந்துச்சு, லயங்களுக்குப் போன ஓட்டோக்கள் நின்னுபோச்சு. அம்மா இப்பப் பாண் வாங்க டவுனுக்கு இறங்கணும். அந்தக் கூட்டம் முடிஞ்சதும் அக்காவுக்கு நான் ஒரு போன் போட்டிருந்தா, அவங்க வாயை விட்டிருக்க மாட்டாங்க, பாதியாவது கையில நின்னிருக்கும். அதை நினைச்சா இன்னைக்கும் எனக்கு மனசு ஆறல.

அன்னைக்கு அக்கா என்னைத் திட்டல. அழுதுக்கிட்டிருந்த எனக்கு டீ ஊத்திக் கொடுத்தாங்க. கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை வரி வரியா வாசிச்சுப் பார்த்துட்டு, நிஜமாவே புரியாமத்தான் கேட்டாங்க: "வேணாம்னு ஒரு வார்த்தை போதுமே சுகந்தி, அதுக்கு எதுக்கு இவ்வளவு நல்ல தமிழ்?"

ஏ.ஐ. வந்த பிறகு எங்க தொழில்ல எல்லா வேலையும் லேசாயிடுச்சு, ஒருத்தர் முகத்தைப் பார்த்து இல்லைன்னு சொல்ற வேலையைத் தவிர.