ஒரு வீட்டில் இரண்டு இன்ஜினியர்கள்

சண்முகத்தின் ஃபைல் திரும்பி வந்த அன்று எங்கள் முதலாளி ஊரில் இல்லை. கவரைப் பிரித்துப் படித்தவள் நான்தான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடியறையில் இயங்கிய மைக்ரேஷன் கன்சல்டன்சியில் டாகுமென்டேஷன் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்திரேலியாவில் குடியேற விரும்பும் இன்ஜினியர்களுக்கு விண்ணப்பம் தயாரிப்பது எங்கள் வேலை. விசாவுக்கு முன்னால் ஸ்கில் அசெஸ்மென்ட் என்று ஒரு படி உண்டு. இவர் இன்ன தொழிலைச் சேர்ந்தவர் என்று நாம் ஒரு பிரிவைக் குறிப்பிட வேண்டும். அவர் செய்த வேலைகளைப் படித்துப் பார்த்து அங்குள்ளவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். சண்முகத்துக்கு நான் போட்டிருந்த பிரிவு மெக்கானிக்கல் இன்ஜினியர். 'விவரித்துள்ள பணிகள் இத்தொழிலுக்குரியவை அல்ல' என்று பதில் வந்திருந்தது.

மறுநாள் அவரும் அவர் மனைவி சுமதியும் வந்தார்கள். சண்முகத்துக்குத் துடியலூர் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை.

"ஏனுங்க மேடம், படிச்சது பி.ஈ. மெக்கானிக்கலுங்க. டெசிக்னேஷன் புரொடக்ஷன் இன்ஜினியருங்க. அதுக்கு மேல என்னத்தக் கேக்கறாங்க?"

"நானும் அதைப் பாத்துத்தான் போட்டேன் சார். காலையில கம்பெனிக்குள்ள போனதும் என்ன பண்ணுவீங்கன்னு சொல்லுங்க."

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எந்த லாரியில் எந்த ஊர் பம்ப் ஏறுகிறது, எந்த டீலர் என்ன புகார் சொல்கிறார் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்தினார்.

"மொத ரெண்டு வருசம் மெஷின் ஷாப்புல இருந்தனுங்க. அப்புறம் எம்.டி. டிஸ்பேட்ச்சப் பாத்துக்கோன்னுட்டாரு. பேரு மட்டும் மாறுலீங்க." பிறகு வேகமாகச் சொன்னார்: "டிசைன் பண்றேன்னு வேற லெட்டர் வாங்கிப்போடலாங்க. கேட்டா எழுதிக் குடுத்துருவாரு."

சுமதி கணவரிடம் திரும்பினார். "பொய்யச் சொல்லி அங்க போயி மாட்டுனா, புள்ளையத் தூக்கிக்கிட்டுத் திரும்பி வரோணுங்களா?"

"நீங்க வேலைக்குப் போறீங்களா அம்மணி?" என்றேன்.

"போறனுங்க. கணபதில ஒரு மோட்டார் கம்பெனி. நானும் பி.ஈ.தானுங்க, எலக்ட்ரிகல்."

ஃபைலைப் பிரித்தேன். மனைவியின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று இருந்தது. டைப் செய்தவள் நான். யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சண்முகம் அதன் கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்.

சுமதி தன் வேலையைச் சொன்னார். "ஆனைமலைப் பக்கம் தோட்டங்கள்ல நானூத்திப் பதினஞ்சு வோல்ட் வர வேண்டிய எடத்துல முந்நூறுதானுங்க வரும். மோட்டார் கருகிப்போகும். அதுக்குத் தக்கன வைண்டிங்கக் கணக்குப் போட்டு மாத்தி, ஓட்டிப் பாத்து, சூடு எத்தன ஏறுதுன்னு ரிப்போர்ட் எழுதுவனுங்க. அஞ்சு வருசமா இதுதானுங்க."

தொழில் பிரிவுகளின் புத்தகத்தில் எலக்ட்ரிகல் இன்ஜினியர் பக்கத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பெரும்பாலான வரிகளுக்கு அவர் தலையசைத்தார்.

"விண்ணப்பம் இவங்க பேர்ல போகணும் சார். நீங்க கணவர்ங்கற முறையில கூடப் போகலாம்."

சண்முகத்தின் முகம் சுருங்கிவிட்டது. "ஊட்ல கேட்டா என்னன்னு சொல்றதுங்க? பொண்டாட்டி விசால ஒட்டிக்கிட்டுப் போறேன்னுங்களா?" எழுந்து கீழே இறங்கிப் போய்விட்டார். சுமதி சர்டிபிகேட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு, "வாரனுங்க" என்று மட்டும் சொன்னார். அந்த ஃபைல் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பத்து நாள் கழித்துச் சண்முகம் தனியாக வந்தார். சுமதியின் கம்பெனி முதலாளி எழுதிக் கொடுத்த கடிதத்தை நீட்டினார்.

"மொதல்ல வெறும் டெஸ்டிங் அசிஸ்டன்ட்டுன்னு எழுதி அவகிட்டக் குடுத்துட்டாருங்க. அதப் பாத்து மனசு கேக்காம நான் போனேன். அவ எழுதுன ரிப்போர்ட்டு நோட்டெல்லாம் அங்கயே இருக்குதுங்க. எடுத்து அவரு மேசை மேல வெச்சு, இதுல இருக்கறத மட்டும் எழுதிக் குடுங்கன்னேன். மனுசன் ரெண்டு பக்கம் பொரட்டிட்டு வேற லெட்டர் எழுதிக் குடுத்துட்டாருங்க." குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்த நோட்டப் படிக்கறப்பத்தானுங்க, அவ என்ன வேல பாக்கறான்னு எனக்கே முழுசாத் தெரிஞ்சுது."

கடிதத்தில் மிகையாக ஒரு சொல் இல்லை. அசெஸ்மென்ட் முதல் தடவையே தேறியது, விசாவும் வந்தது. ஆஸ்திரேலியா போன பிறகு சுமதி ஒரு கடிதம் எழுதினார். தனக்கு மோட்டார் டெஸ்டிங்கிலேயே வேலை கிடைத்துவிட்டது, சண்முகத்துக்கு ஒரு கிடங்கில் சரக்கு அனுப்பும் பொறுப்பு, நன்றாகச் செய்கிறார் என்று.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் ஃபார்மை உடனே எடுக்க மாட்டேன். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "நேத்து என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்பேன். இரண்டு பேர் வந்தால் இரண்டு பேரிடமும் கேட்பேன்.