ராதிகாவின் கண்ணுக்குத் தெரியாத சக்களத்தி

நாமக்கல்லில் ஒரு நரம்பு டாக்டரிடம், மூளையின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் வேலை எனக்கு. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்; குண்டனி நாட்டில் எங்கள் ஊரிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. டாக்டரின் மருத்துவமனையில்தான் ராதிகாவை முதலில் பார்த்தேன். அவள் கணவர் வேல்முருகனின் தலையில் ஒயர்களை ஒட்டி முடித்திருந்தேன். திரையில் கோடுகள் ஓடத் தொடங்கியதும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்க தம்பி, இவரு யாரை நெனைக்கறாருன்னு இதுல தெரியுமுங்களா?"

"அதெல்லாம் தெரியாதுங்க அக்கா."

"அப்புறம் என்னத்துக்கு இத்தனை ஒயரு?"

வேல்முருகன் படுத்தபடியே சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அதே மலையில் எடப்புளி நாட்டில் மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கும் குடும்பம். வேல்முருகனுக்கு வந்தது கைகால் இழுக்கும் வலிப்பு அல்ல. திடீரென்று பலாப்பழ வாசம் அடிக்கும். பழமே இல்லாத மாதத்திலும் அடிக்கும். அடுத்து, சிறு வயதில் தன்னோடு ஓடையில் நண்டு பிடித்த மாமன் மகள் கோகிலா கூப்பிடுவது கேட்கும். பிறகு கண் நிலைகுத்திவிடும். வாய் சும்மாவே மெல்லும். தெளியும்போது முதலில் வரும் பேச்சு, "கோகிலா." அவள் கல்யாணமாகித் திருப்பூருக்குப் போய்ப் பல வருடமாகிறது. ஆனாலும் அவள் வேல்முருகனுக்கு முறைப்பெண் என்பதை ஊரில் ஒருவரும் ராதிகாவிடம் சொல்லாமல் விட்டதில்லை.

வாசம்தான் அவளைக் கூட்டிவருகிறது என்று முடிவுகட்டிய ராதிகா, வீட்டுக்குப் பின்னால் நின்ற பலா மரத்தை ஆள் வைத்து வெட்டிவிட்டாள். காய்க்கிற மரம். பக்கத்து வீட்டுப் பாப்பாயிக்குப் பொறுக்கவில்லை.

"வாசத்துல அவ வந்தான்னு மரத்த வெட்டிப்புட்டே. நாளைக்குப் பஸ்ஸுல வந்தா பஸ்ஸக் கொளுத்துவியா?"

"கொளுத்துவேன்," என்றாளாம் ராதிகா.

மரம் போன பிறகும் கோகிலா வந்தாள். மிளகு பறிக்க ஏணியில் நின்ற வேல்முருகன் கொடியோடு சரிந்து விழுந்ததில் தோள் இறங்கிவிட்டது. கழுத்து தப்பியது பெரிது. அதன் பிறகுதான் டாக்டரிடம் வந்தார்கள்.

டாக்டர் மாத்திரை எழுதினார். அடுத்த முறை வந்தபோதும் வலிப்பு குறைந்திருக்கவில்லை. ராதிகா முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசையில் கொட்டினாள். ஊறிக் கரைந்த மாத்திரைகள்.

"மாட்டுத் தொட்டிகிட்டப் பொறுக்கினதுங்க. வாயில போட்டுட்டுப் போயித் துப்பறாரு. முழுங்கினா அவ வரமாட்டாளே!"

வேல்முருகன் தரையைப் பார்த்தார். "அந்த ரெண்டு நிமிசம் நல்லாருக்குது தம்பி. வேற ஒண்ணுமில்லே."

"கேட்டுக்கிட்டீங்களா? இவருக்குச் சோறாக்கிப் போடறது நானு. நல்லாருக்கறது அவ!"

டாக்டர் விளக்கியதை நான் எங்கள் மலைப் பேச்சில் எடுத்துச் சொன்னேன். காதுக்கு உள்பக்கம், மூளையில் ஹிப்போகேம்பஸ் என்று விரல் பருமனில் ஒரு பகுதி இருக்கிறது. இன்று நடப்பதை நினைவாக்கி வைப்பது அதன் வேலை. வேல்முருகனுக்கு அதில் தழும்பு. அங்கிருந்து தாறுமாறாக மின்சாரம் கிளம்பும்போது பழைய நினைவு ஒன்று தானாக எழும்புகிறது. அந்த நேரத்தில் புதிது எதுவும் பதிவதில்லை; சற்று முன் நடந்ததும் அழிந்துபோகலாம். வலிப்பை வளரவிட்டால் நினைவு வைக்கும் வேலையே கெட்டுக்கொண்டு வரும்.

ராதிகா கணவர் பக்கம் திரும்பினாள்.

"நம்ம பொண்ணு கௌசிகா மொதமொதல்ல எங்கே நடந்துச்சு, சொல்லுங்க பாக்கலாம்."

"நான் காட்டுல இருந்தேன். எனக்கென்ன தெரியும் புள்ளே?"

"மிளகு காயப்போட்ட களத்துலீங்க. உங்க கையப் புடிச்சுட்டுத்தான் நடந்துச்சு. பாதத்துல ஒட்டுன மிளகை நீங்கதான் தட்டி உட்டீங்க. அப்பத்தான் அவ வந்தா. நீங்க வெசனப்படுவீங்கன்னு இத்தனை நாளும் நான் சொல்லலை."

வேல்முருகன் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நெசமா தம்பி? பாத்ததே இல்லாமப் போயிருமா?"

"போயிருமுங்க."

தோளைத் தடவிக்கொண்டார். பிறகு தண்ணீர் கேட்டார். புது மாத்திரையைப் போட்டு விழுங்கினார். ராதிகா நம்பாமல், வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியிலும் பார்த்தாள்.

போன தை மாதத்திலிருந்து அவருக்கு வலிப்பு இல்லை. ராதிகா எடப்புளி நாட்டில் அதே வீட்டில்தான் இருக்கிறாள். இந்த வருடம் ஏணியில் ஏறி மிளகு பறிப்பது அவள்தான். அவர் கீழே நின்று ஏணியைப் பிடிக்கிறார். கோகிலாவின் மேல் அவளுக்குள்ள பொறாமை மட்டும் இன்னும் தீரவில்லை.